ஆணிக்குக் கீழே எத்தனை சாண்

ஜனவரி 19, திங்கள்.

இன்று செய்தது: கணிதம். நீளம். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் துறையடிக்குப் போனார்கள். ஆணிக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு சாண். வெள்ளிக்கிழமை ஐந்து சாண்.

இன்று பிழைத்தது: அளந்த பிள்ளையின் பெயரை அட்டவணையில் எழுதவில்லை. பெயருக்கென்று ஒரு கட்டமே போடவில்லை. ஆர்த்திகா அழுதாள். சிறிய பிழை.

நாளைய வேலை: பெயருக்குக் கட்டம் போடுவது.

'சிறிய பிழை' என்று எழுதிவிட்டுச் சுதர்சனா அந்த இரண்டு சொற்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறியதுதானா என்று அவளுக்கு உறுதியில்லை. உறுதியில்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். வயது இருபத்துமூன்று, மண்டூருக்குத் தெற்கே ஆற்றோரத்துச் சின்னப் பள்ளிக்கூடமொன்றில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குத் தொண்டர் ஆசிரியை. திங்களும் வியாழனும் பின்னேரத்தில் ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியைக் கடந்து அக்கரையில் நடக்கிற ஆசிரியர் பயிற்சி மாலை வகுப்புக்குப் போவாள். கடப்பது பாதையில். ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் இரும்பு மிதவைக்கு அந்தப் பகுதியில் பாதை என்றுதான் பேர்.

இந்தக் கொப்பியும் மாலை வகுப்பு தந்த வேலைதான். விரிவுரை செய்கிற அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒவ்வொரு நாளும் மூண்டு தலைப்பு. செய்தது, பிழைத்தது, நாளைய வேலை. பிழைத்தது எண்ட இடத்தை வெறுமையா விட்டுட்டு வாற ஆள் அண்டைக்குப் படிப்பிக்கவே இல்ல எண்டுதான் நான் நினைப்பன்." சுதர்சனா அந்த இடத்தை ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. சில நாள் அது அடுத்த பக்கத்துக்கும் போய்விடும்.

அன்று வாடைக்காற்று பலமாக அடித்ததால் பாதை ஓடவில்லை. மாலை வகுப்பு இல்லாமல் போனது. அதனால்தான் வட்டைவிதானை கனகசிங்கம் படலையைத் திறந்து வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள்.

வீடு அக்கா மேனுகாவுடையது. ஊர் வயல்வெளியான ஆற்றோரத்து வட்டையில் இரண்டு ஏக்கரும் இந்த வீடும் அவளுக்குச் சீதனமாக வந்தவை. அத்தான் திவாகரன் வெள்ளாமை இல்லாத நாளில் மேசன் வேலைக்குப் போவான். அவர்களுடைய ஒரே மகள் ஆர்த்திகா. ஏழு வயது. வகுப்பிலேயே சின்ன உருவம்; வாய் மட்டும் பெரிது. அவளுக்குச் சுதர்சனா வீட்டில் சின்னம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். இந்த மாற்றத்தைப் பள்ளிக்கூடப் படலையடியில் வைத்து மிகச் சரியாகச் செய்துகொள்வாள். திரும்பி வரும்போது அதே இடத்தில் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்கு டீச்சர் ஒரு பிழை விட்டவ சின்னம்மா" என்று யாரோ மூன்றாம் ஆளைப்பற்றி முறையிடுவதுபோலச் சொல்லுவாள்.

கனகசிங்கம் அந்த வட்டைக்கு விதானை. தண்ணீர் எப்போது திறப்பது, எந்த வாய்க்காலை யார் வெட்டுவது, வெட்டு மெசின் எந்தக் காணிக்கு எந்த நாளில் போவது என்பதெல்லாம் அவர் கையில். குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, இருக்கச் சொல்வதற்கு முன்னமே இருந்தார்.

"திவாகரன், நாளைக்கு மெசின் உன்ட காணியில முதலாவதா இறங்கட்டும். அதைச் சொல்லத்தான் வந்தன்."

"நாளைக்கா? நெல்லு இன்னும் பத்து நாள் நிக்கோணும் விதானையார். கதிருட நுனிதான் மஞ்சள். அடிமணி பிதுக்கினாப் பால்."

"எனக்குத் தெரியாதா? ஆத்தைப் பாத்தியா?"

"பாத்தன். அலையடிக்குது. ஒண்டும் விளங்கல்ல. வெள்ளிக்கிழமை எவ்வளவு நிண்டதெண்டு தெரிஞ்சாத்தானே ஏறினது தெரியும்? நான் பெரியகல்லாத்தில வேலைக்கு நிண்டுட்டு நேத்துத்தானே வந்தன்."

அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்த மேனுகா எட்டிப் பார்த்தாள். "முகத்துவாரத்து மண்மேட்டை வெட்டப்போறாங்க எண்டு கடையடியில பறைஞ்சாங்க. வெட்டினாத் தண்ணி கடலுக்குப் போயிடும்தானே?"

"பறைவாங்க புள்ள. போன கிழமையும் பறைஞ்சாங்க. மண்வெட்டி இன்னும் இறங்கல்ல." கனகசிங்கம் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். "ஆணி நனைஞ்சா வட்டை போச்சு. அதுக்கு மேல எனக்குக் கதை தெரியாது."

ஆணி நனைந்தால் வட்டை போச்சு என்பது அந்த ஊரின் கணக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள துறையில் தோணி கட்டுவதற்கு ஒரு பாலைமரக் கட்டை நட்டிருக்கிறது. கயிறு வழுக்காமலிருக்க அதில் யாரோ பெரிய ஆணியொன்று அடித்திருக்கிறார்கள். தண்ணீர் அந்த ஆணியைத் தொடுகிற நேரமும் ஆற்றோரத்து வட்டையின் வெளிவரம்பைத் தாண்டுகிற நேரமும் ஒன்று. இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீளம் படிப்பிக்கும் பாடம் வந்தபோது சுதர்சனா மேசையையும் கதவையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளை அந்தக் கட்டையடிக்குக் கூட்டிப்போனது அதனால்தான்.

"அப்பா!" ஆர்த்திகா திவாகரனின் முதுகில் ஏறினாள். "நாங்க அளந்தநாங்கதானே! சின்னம்மாட கொப்பியில இருக்கு. ஆணிக்குக் கீழ எத்தின சாண் எண்டு."

திவாகரன் திரும்பிப் பார்த்தான். "உண்மையா சுதா?"

"ஓம் அத்தான். வெள்ளிக்கிழமை அஞ்சு சாண். இண்டைக்கு நாலு."

"எழுதியிருக்கா?"

அவள் கொப்பியை விரித்துக் காட்டினாள். அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகள். அவன் விரலை வைத்து வாசித்தான்.

"வெள்ளி அஞ்சு, திங்கள் நாலு. மூண்டு நாளைக்கு ஒரு சாண். மிச்சம் நாலு சாண். நாலு மூண்டு பன்னிரண்டு. பன்னிரண்டு நாள் இருக்கு விதானையார். எனக்குப் பத்து நாள் காணும்."

"சின்னப்புள்ளையள்ட கணக்கை வச்சா வெள்ளாமை செய்யப்போறாய்?"

"சின்னப்புள்ளையள் பொய் எழுதாதுகள். எங்கட டீச்சரும் கோடு போடாம ஒண்டும் எழுதமாட்டா."

கனகசிங்கம் குடையை எடுத்தார். "சரி. மெசினை மேட்டுக்காணிக்கு அனுப்புறன். நாளைக்கு ஒரு நாள்தான் நிக்கும், மறுகா வவுணதீவுப் பக்கம் போயிடும். பிறகு என்னில குற்றம் சொல்லப்படாது. எனக்கு மனம் ஒப்பல்ல."

"மனத்தை விட எழுத்து நல்லம்" என்றான் திவாகரன்.

அவர் போன பிறகு பிட்டும் இறால் சொதியும் சாப்பிட்டார்கள். தன்னுடைய அட்டவணையை நம்பி ஒரு முடிவு எடுக்கப்பட்டது சுதர்சனாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அட்டவணையை இன்னொரு முறை விரித்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மழைக்குள் குடை பிடித்துப் போய், மணி அடிப்பதற்கு முன்னமே அட்டவணையில் புதிய கட்டம் கீறி, மேலே 'அளந்தவர்' என்று எழுதினாள். அங்கேதான் சண்டை தொடங்கியது. பெயர் எழுதுகிற கட்டம் வந்துவிட்டது என்றவுடன் பன்னிரண்டு பேருக்கும் அளக்க வேண்டும்.

"நேத்து நான் அளந்தன், என்ட பேர் எழுதல்ல. அதால இண்டைக்கும் நான்தான்" என்றாள் ஆர்த்திகா.

"வெள்ளிக்கிழமை நான் அளந்தன். என்ட பேரும்தான் எழுதல்ல" என்றாள் லதுஷா.

லதுஷா வகுப்பிலேயே உயரம். தோணியில் வலை வீசுகிற கேதீசனின் மகள். தாய் புஸ்பம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைப்பவள். லதுஷாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இன்னும் தடுமாற்றம். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். அவள் இப்படி உரத்துப் பேசியதே சுதர்சனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ரெண்டு பேரும் அளங்க. ரெண்டு பேருட பேரையும் எழுதுவம்."

அன்று காற்று தணிந்து அலை சிறுத்திருந்தது. கட்டையடியில் முழங்காலளவு தண்ணீர். இருவருடைய கையையும் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். லதுஷா ஆணியில் பெருவிரலை வைத்துச் சுண்டுவிரலை நீட்டி, அதே இடத்தில் பெருவிரலை மாற்றி வைத்து இறக்கிக்கொண்டே வந்தாள். "ரெண்டரை." பிறகு ஆர்த்திகா. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு விரல்களை வலிக்க வலிக்க விரித்து அளந்தாள். "மூண்டு. மூண்டும் ஒரு சொட்டும்."

"பொய்" என்றாள் லதுஷா.

"நீதான் பொய்! டீச்சர், இவ விரலை இழுத்து இழுத்து வச்சவ!"

வகுப்பறைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. பாதி வகுப்பு ஆர்த்திகாவோடு, பாதி லதுஷாவோடு. "ஆறு ரெண்டு மாதிரியா நிக்கும்?" என்று பின்னால் ஒரு பையன் கேட்டான். "ரெண்டு பேர் பாத்தா ரெண்டு ஆறா?"

மேசையில் அடிமட்டம் கிடந்தது. சுதர்சனாவின் கை அதை நோக்கிப் போனது. இதை எடுத்துக் காட்டி, சென்ரிமீற்றர் என்று சொல்லிக்கொடுத்தால் சண்டை ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் ஆசிரியர் வழிகாட்டியில் முதலில் கை, காலடி, குச்சி. அடிமட்டம் பிறகு என்று இருக்கிறது. அது ஏன் அப்படி என்று அவளுக்கு இதுவரை சரியாக விளங்கியதில்லை. எடுப்பதா விடுவதா என்று யோசிப்பதற்குள் லதுஷா ஆர்த்திகாவின் முன்னால் போய் நின்று, தன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"கையை வை."

ஆர்த்திகா தன் கையை அதன்மேல் வைத்தாள். லதுஷாவின் விரல்கள் நாலு பக்கமும் வெளியே தெரிந்தன.

மற்றப் பிள்ளைகளும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பொய் இல்ல" என்றாள் லதுஷா மெதுவாக. "உன்ட கை சின்னன். அதால கூட எண்ணிக்கை வரும். எங்கட அப்பா வலை பின்னக்குள்ள அம்மாவைத் தொட விடமாட்டார். ஒரு வலைக்கு ஒரு கைதான். அம்மா ஒரு பக்கம் அளந்து அப்பா மற்றப் பக்கம் அளந்தா வலை கோணிப்போகும்."

"அப்ப ஆருட கையால அளக்கிற?" என்று ஆர்த்திகா கேட்டாள். தோற்றுப்போன குரலில் இல்லை. அவளுக்கு இப்போது உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஆருட கையெண்டாலும் பறவாயில்ல. ஒராள்ட கையா இருக்கோணும்."

"அந்த ஆள் காச்சலெண்டு வராட்டி?"

லதுஷா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைகள் யோசித்தார்கள். சுதர்சனா வாய் திறக்காமல் நின்றாள். திறந்திருந்தால் கெடுத்திருப்பேன் என்று பிறகு கொப்பியில் எழுதினாள். மூலையில் கிடந்த விளக்குமாற்றில் ஆர்த்திகாவின் கண் போனது. ஓடிப்போய் ஓர் ஈர்க்கை உருவி எடுத்து, லதுஷாவின் விரித்த கையில் பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை வைத்து, மிஞ்சியதை முறித்தாள்.

"இந்தா. இதுதான் உன்ட சாண். நீ வராட்டியும் இது வரும்."

சுதர்சனா கதவோரத்தில் சாய்ந்துகொண்டாள். எல்லோருக்கும் பொதுவான அளவைப்பற்றி மாலை வகுப்பில் 'நியம அலகு' என்று தலைப்புப் போட்டு ஒன்றரை மணித்தியாலம் குறிப்பு எழுதியிருக்கிறாள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் புரியாதது இந்த ஒரு முறிந்த ஈர்க்கில் புரிந்தது. ஏழு வயதுப் பிள்ளைகள் இரண்டு, ஒன்றுக்கொன்று கோபமாக இருந்துகொண்டே, இதைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த மகிழ்ச்சி சரியாக ஒரு நிமிடம் நின்றது.

"அப்ப வெள்ளிக்கிழமை அஞ்சு எண்டது லதுஷாட கை" என்றான் பின்னால் இருந்த பையன். "நேத்து நாலு எண்டது ஆர்த்திகாட கை. ரெண்டும் வேற வேறதானே டீச்சர்?"

சுதர்சனா கொப்பியை விரித்து அந்த இரண்டு எண்களையும் பார்த்தாள்.

"ஆர்த்திகாட கைக்கும் ஒரு ஈர்க்கு முறியுங்க" என்றாள். "நிலத்தில வச்சுப் பாப்பம்."

விளக்குமாறு பாதியாகிவிட்டது. பெரிய ஈர்க்கு ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்குத் தலை முட்டவைத்து நிலத்தில் நீட்டினார்கள்: வெள்ளிக்கிழமை. அதன் பக்கத்தில் சின்ன ஈர்க்கு நாலு: திங்கட்கிழமை. அதன் பக்கத்தில் பெரிய ஈர்க்கு இரண்டரை: இன்று. பன்னிரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் ஒரு சாண்தான் என்று கொப்பியில் இருந்தது. நிலத்தில் பெரிய ஈர்க்கு இரண்டு கொள்ளக்கூடிய வெறுமை கிடந்தது.

"பாதி போயிட்டு" என்றாள் ஆர்த்திகா. மூன்றாவது வரிசையின் நுனியில் விரலை வைத்தாள். "வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலு நாளில பாதி போயிட்டு. மிச்சமும் பாதி." இப்போது விரல்களை மடக்கினாள். "புதன், வியாழன், வெள்ளி, சனி." நிமிர்ந்து பார்த்தாள். "சின்னம்மா, சனிக்கிழமை ஆணி நனையும்."

பள்ளிக்கூடத்துக்குள் அவள் சின்னம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு சுதர்சனா ஆர்த்திகாவையும் லதுஷாவையும் கூட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தாள். வரம்பு வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தூரத்தில் மேட்டுக்காணிப் பக்கம் மெசின் இரைந்துகொண்டிருந்தது. திவாகரன் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றான்.

சொல்வதற்கு நல்ல வார்த்தை தேடிக்கொண்டுதான் வந்தாள். வந்து சேர்ந்ததும் நேராகவே சொன்னாள். "அத்தான், என்ட கணக்குப் பிழை. ரெண்டு புள்ளையள் ரெண்டு கையால அளந்தது. சனிக்கிழமை தண்ணி வரும்."

அவன் மண்வெட்டியை ஊன்றினான். "என்ன பறையிறாய் புள்ள?"

அவள் விளக்கினாள். அவன் முகம் மாறியது. "அந்தக் கொப்பியை நம்பித்தானே மெசினை விட்டன். விதானையாருக்கு முன்னால பெருமையா வேற பேசினன்."

"பேசினீங்க."

"உனக்கு நேத்தே தெரியாதா?"

"பேர் எழுதல்ல எண்டு தெரியும். அது இவ்வளவுக்கு வரும் எண்டு தெரியாது."

அவன் துறையடியை நோக்கி முன்னே நடந்தான். போகும் வழியில் கைத்தொலைபேசியில் கனகசிங்கத்தைக் கூப்பிட்டான். இவர்களுக்கு ஒரு பக்கத்துக் கதைதான் கேட்டது. "ஓம்... ஓம் விதானையார்... நாளைக்கும் ஏலாதா?... மெசின் திரும்பி வரப் பத்து நாளா... இல்ல, நீங்க சொன்னதுதான் சரி... ஓம், சொல்லுங்க, கேக்கத்தானே வேணும்."

துறையடியில் சேற்றோடு இறங்கி, ஆணியிலிருந்து தன் கையால் அளந்தான். ஒரு சாண். இன்னொரு சாணுக்குத் தண்ணீர் விடவில்லை.

"ரெண்டும் இல்ல" என்றான். "நீங்க ரெண்டரை எண்டுறீங்க, மூண்டு எண்டுறீங்க. எனக்கு ரெண்டும் இல்ல."

"உங்கட கை பெரிசு அப்பா" என்றாள் ஆர்த்திகா கரையில் நின்று. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "கை பெருக்கப் பெருக்க ஆறு சிறுக்குமா?"

"எண்ணிக்கைதான் சிறுக்கும்" என்றாள் லதுஷா. "ஆறு அப்படியேதான் நிக்கும்."

திவாகரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீ கேதீசன்ட மகள்தானே?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். கரையேறி வந்து, அவள் கையிலிருந்த ஈர்க்குகளை வாங்கி, பள்ளிக்கூடச் சுவரோரத்து ஈர மண்ணில் தானே அடுக்கிப் பார்த்தான். ஐந்து. பக்கத்தில் இரண்டரை. விரலால் நாள்களை எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"மெசின் இல்லாட்டிக் கை இருக்கு" என்றான் கடைசியில். "மூண்டு நாள். ரெண்டு ஏக்கர். ஆள் வேணும் சுதா."

ஆள் தேடி அவர்கள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போன பன்னிரண்டு பிள்ளைகளும் ஆளுக்கோர் ஈர்க்கைக் கொண்டு போயிருந்தார்கள். பள்ளிக்கூட விளக்குமாறு முழுதாகவே முடிந்துபோனது. அடுப்படியிலும் முற்றத்திலும் குந்தியிருந்து, தாய்க்கும் தகப்பனுக்கும் ஐந்தும் இரண்டரையும் அளந்து காட்டி, "சனிக்கிழமை" என்று சொல்லியிருந்தார்கள். அந்த வட்டையில் காணி உள்ள இன்னும் நாலு வீட்டிலும் அன்றே தாக்கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. காணி இல்லாதவர்கள் புதன்கிழமை விடிய திவாகரனின் வரம்பில் வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவள் புஸ்பம். "டீச்சர், என்ட மகள் ராவு சோறு தின்னல்ல. ஈர்க்கை வச்சுக்கொண்டு வீட்டில இருக்கிற எல்லாத்தையும் அளக்குது. பாய் எத்தின, கதவு எத்தின, தேப்பன் எத்தின. மனிசன் படுத்துக்கிடக்கிறார், இது காலில இருந்து தலைக்கு அளந்து வருது."

"எத்தினையாம்?" என்று மேனுகா கேட்டாள்.

"பதினொண்டாம். நான் சொன்னன், கலியாணம் பேசக்குள்ள இந்த ஈர்க்கு இருந்திருந்தா நான் இந்தக் கட்டையனைக் கட்டியிருக்கமாட்டன் எண்டு."

வரம்பெல்லாம் சிரிப்பு. கேதீசன் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, "சிரியுங்கோ, சிரியுங்கோ. ஆத்தில போற மனிசனை வயலில இறக்கிட்டீங்க. மீனைக் கண்டாச் சொல்லுங்க, அதைத்தான் எனக்கு வெட்டத் தெரியும்" என்றான். ஆனால் குனிந்தவன் நிமிரவில்லை. வலை பிடிக்கிற கைக்குக் கதிரைப் பிடிக்கவும் தெரிந்தது.

மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. ஈர நெல்தாள் தாக்கத்திக்கு வழுக்கியது. வெட்டிய கதிர்ப்பிடியை, உப்பட்டியை, நீருள்ள வயலில் கிடத்த முடியாது. வெட்டவெட்டக் கட்டாகக் கட்டித் தலையில் சுமக்க வேண்டும். ஊரில் மேடான இடம் பள்ளிக்கூடம். அதிபர் மண்டபக் கதவைத் திறந்துவிட்டார். மத்தியானத்துக்குப் புஸ்பம் பள்ளிக்கூட அடுப்பிலேயே பெரிய பானையை ஏற்றினாள். சோறு, பருப்பு, ஆற்றுச் சூடைமீன் பொரியல், கொச்சிக்காய்ச் சம்பல். சேற்றுக் கையைக் கழுவக் கழுவ நகக்கண்ணில் பச்சை போகவில்லை.

சுதர்சனா காலையில் படிப்பித்தாள், மத்தியானத்துக்குப் பிறகு வெட்டினாள். புதன்கிழமை பின்னேரம் அவளுடைய இடதுகைச் சின்னவிரலில் தாக்கத்தி பட்டது. வியாழக்கிழமை பாதை மறுபடி ஓடியது. மாலை வகுப்புக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு ஒவ்வொரு நாளும் துறையடிக்குப் போனார்கள். புதன்: இரண்டு ஈர்க்கு. வியாழன்: ஒன்றும் கொஞ்சமும். கட்டத்தில் அளந்த பிள்ளையின் பெயர். வேறு வேறு பிள்ளைகள், ஒரே ஈர்க்கு.

வியாழக்கிழமை கனகசிங்கம் வந்து வரம்பில் குடையோடு நின்றார். திவாகரன் குனிந்தபடியே, "ஏசுறதெண்டா ஏசிப்போட்டுப் போங்க விதானையார்" என்றான்.

"ஏசவா வந்தன்? நான் மனம் ஒப்பல்ல எண்டு சொன்னன். ஆனா எத்தின நாளெண்டு என்ட மனம் சொல்லல்லையே. ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான், ஒருநாள் முந்தி ஓடுறம், ஒருநாள் பிந்தி ஓடுறம்." அவர் சுதர்சனாவைப் பார்த்தார். "புள்ள, அந்த ஈர்க்கில ஒண்டு எனக்கும் முறிச்சுத் தா."

"எனக்கு முறிக்கத் தெரியாது விதானையார். லதுஷாவிட்டக் கேளுங்க. அவட கைதான் அது."

வட்டைவிதானை கனகசிங்கம் பள்ளிக்கூட மதிலடியில் நின்று ஏழு வயதுப் பிள்ளையொன்றிடம் ஈர்க்கு வாங்கினார். அதைச் சட்டைப்பையில் போட்டு, முறியாமலிருக்கப் பேனாவோடு சேர்த்துச் செருகிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது கடைசிக் கட்டு மண்டபத்துக்கு வந்தது. பள்ளக்காணி மூலையில் கால் ஏக்கர் அளவு வெட்ட முடியவில்லை. மழையில் தேங்கிய இடுப்பளவு தண்ணீரில் கதிர் சாய்ந்து கிடந்தது. திவாகரன் வரம்பில் நின்று அதைப் பார்த்தபடி தாக்கத்தியைக் கழுவினான்.

"அது ஆத்துக்கு" என்றான். "மிச்சம் எங்களுக்கு."

வெட்டியதிலும் பச்சை கலந்துதான் இருந்தது. அரிசி நொறுங்கும். சுதர்சனா அதைச் சொல்லத் தொடங்கினாள். "மெசின் அண்டைக்கே வெட்டியிருந்தா அந்த மூலையும்..."

"மெசின் வெட்டியிருந்தா எங்கட ரெண்டு ஏக்கர்தான் வந்திருக்கும்" என்றான் அவன். "மற்ற நாலு வீட்டுக்காரனும் ஆணி நனையுமட்டும் பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பான். சும்மா யோசிச்சு யோசிச்சு மெலியாத. போய்க் கையைக் கழுவு. விரலைப் பாரு, சீழ் பிடிக்கப்போகுது."

வீட்டுக்கு வந்து, மேனுகா விரலுக்கு மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிவிட்ட பிறகு, விளக்கடியில் கொப்பியை விரித்தாள். பக்கத்தில் ஆர்த்திகா பாயில் குப்புறக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதுறீங்க சின்னம்மா?"

"இண்டைக்கு நடந்தது."

"டீச்சர் பிழை விட்டவவா?"

"ஓம்."

"என்ன பிழை?"

சுதர்சனா யோசித்தாள். "விளக்குமாறு முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்க மறந்திட்டா."

ஆர்த்திகா அதை நியாயமான பிழையாக ஏற்றுக்கொண்டு தலையை ஆட்டினாள். பிறகு பாயிலிருந்து ஒரு கையை நீட்டி, கொப்பியின் ஓரத்தில் விரல்களை விரித்து வைத்து, ஒரு பக்கம் எத்தனை சாண் என்று அளந்தபடியே தூங்கிப்போனாள். கை கொப்பியில் கிடந்தது. அதை எடுக்காமல், மிஞ்சிய இடத்தில் சுதர்சனா எழுதினாள்.

ஜனவரி 23, வெள்ளி.

இன்று செய்தது: காலை எட்டு மணி. ஆணிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஓர் ஈர்க்குக்குக் கொஞ்சம் குறைவு.

இன்று பிழைத்தது: திங்கட்கிழமைப் பக்கத்தில் 'சிறிய பிழை' என்று எழுதியிருக்கிறேன். அதில் 'சிறிய' என்பதை வெட்டிவிட்டேன். புதிய விளக்குமாறு வாங்கவில்லை.

நாளைய வேலை: சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் எட்டு மணிக்குத் துறையடி. ஈர்க்கை லதுஷா கொண்டுவருவாள். ஆர்த்திகா அளப்பாள். ஆர்த்திகா என்று கட்டத்தில் எழுதுவது.